கரிமசியில் எழுதிய குழந்தைகள்

சித்திரக்கலையைப் பற்றிப் பேசத் தொடங்கினாலே வர்ணங்களின் சௌந்தர்யத்தைப் பற்றிப் பேசிப் பழகிவிட்ட நாம், வர்ணமே இல்லாத சில சித்திரங்களைப் பற்றியும் ஒருநாள் நிதானமாகப் பேச வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வெகுகாலமாக உண்டு. 1943-ஆம் ஆண்டில், கல்கத்தா நகரத்து நடைபாதைகளில் கிராமத்து ஜனங்கள் பசியால் சுருண்டு விழுந்து மடிந்துகொண்டிருந்த மாதங்களில், அந்நகரத்து அரசாங்க ஓவியப் பள்ளியில் ஆசிரியராக இருந்த ஜைனுல் ஆபேதீன் என்ற இருபத்தெட்டு வயது இளைஞர் தெருத்தெருவாக நடந்து எழுதிய பஞ்சச் சித்திரங்களே அவை. பருவநிலை மாற்றம் என்ற பேச்சு அந்நாளில் யார் காதிலும் விழுந்ததில்லை. எனினும் வெப்பமும் வெள்ளமும் கடற்பெருக்கும் இனி வரப்போகும் குழந்தைகளை என்ன செய்யும் என்று இன்று சிந்திக்கும்போதெல்லாம் என் மனம் இந்தச் சித்திரங்களிடத்தில்தான் போய் நிற்கிறது. அதற்கான காரணங்களை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்த நீண்ட பதிவு.

ஆபேதீன் 1914-ஆம் ஆண்டின் கடைசி நாட்களில் கிழக்கு வங்காளத்தில், பழைய மயிமன்சிங் ஜில்லாவில், பிறந்தவர். பிரம்மபுத்திரா நதியின் கரையில் வளர்ந்த அவர் முதலில் நீர்வர்ணத்தில் கைதேர்ந்தவராக விளங்கினார். அந்த நதியையும் அதன் படகுகளையும் மணல்திட்டுகளையும் எழுதிய படங்களுக்காக 1938-இல் அகில இந்தியக் கண்காட்சி ஒன்றில் தங்கப்பதக்கம் பெற்றவர். அப்படிப்பட்டவர் பஞ்சத்தின் எதிரே நின்றபோது, தம் கைக்கு நன்கு பழகியிருந்த வர்ணங்களையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டார். யுத்தகாலத்தில் நல்ல காகிதமும் மசியும் கிடைப்பது அரிதாக இருந்தமையால், சாமான் கட்டும் மலிவான காகிதத்தைத் தேடிப் பிடித்து, கரியை எரித்துத் தாமே மசி தயாரித்துக்கொண்டு, காய்ந்த தூரிகையால் தடித்த கோடுகளாக அந்த உருவங்களை எழுதினார்.

கரி என்ற பொருளின் தன்மையை இவ்விடத்தில் ஒரு கணம் யோசித்துப் பார்க்கலாம். காற்றுப் புகாமல் மூடிச் சுட்ட மரத்திலிருந்து நீரும் வாயுக்களும் வெளியேறிய பின்னர் எஞ்சுவதுதான் கரி. மரத்தின் பசுமை, மணம், நார், ஈரம் எல்லாம் போய், அதன் எலும்பைப் போன்ற சாரம் மட்டும் மிஞ்சுகிறது. கரிக்குச்சியாகக் காகிதத்தில் இழுத்தால், காகிதத்தின் மேட்டில் மட்டும் படிந்து, விரல் பட்டால் கலைந்துவிடும். பொடித்துக் குழைத்து மசியாக்கினாலோ, பல நூற்றாண்டுகள் நிறம் மாறாமல் நிலைத்திருக்கும். பஞ்சமும் மனிதனிடத்தில் இதே காரியத்தைத்தான் செய்கிறது: சதையும் வனப்பும் புன்னகையும் நாணமும் கரைந்து போய், எலும்பும் கண்ணும் மட்டும் எஞ்சுகின்றன. ஆகையால், வேறு வழியின்றித் தேர்ந்துகொண்ட அந்தச் சாதனமே விஷயத்துக்கு முற்றிலும் உகந்ததாக அமைந்துவிட்டது.

நான் இந்தச் சித்திரங்களை அச்சுப் பிரதிகளில்தான் கண்டிருக்கிறேன். அச்சில்கூட அவற்றின் வேகம் குறைவதில்லை. பின்புலமே இல்லை. மாட மாளிகைகள் நிறைந்த கல்கத்தா நகரத்தின் ஒரு சுவரோ ஒரு விளக்குக்கம்பமோ பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. தரையில் கிடக்கும் தாய், அவள் உடலோடு ஒட்டிக் கிடக்கும் குழந்தை, குப்பைத்தொட்டியின் அருகே மனிதனோடு போட்டியிடும் நாய், எப்போதும் அருகில் வந்து காத்திருக்கும் காகம் என்று சொற்பமான உருவங்களே திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றில் எல்லாவற்றையும்விட நன்றாகத் தின்று கொழுத்திருப்பது காகம் ஒன்றுதான் என்பதைக் கவனிக்கும்போது, அந்த ஆண்டில் யாருக்கு உணவு கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்ற முழுச் சரித்திரமும் ஒரு பறவையின் உடலில் அடங்கிவிடுவதை உணர்கிறோம். 1944-இல் எலா சென் என்ற எழுத்தாளர் வங்காளப் பஞ்சத்தைப் பற்றி எழுதிய நூலோடு இந்தச் சித்திரங்கள் அச்சேறி, நடைபாதையைக் கண்ணால் காணாதவர்களிடமும் போய்ச் சேர்ந்தன.

அதே காலத்தில் சித்தபிரசாத் என்ற மற்றோர் ஓவியர், பஞ்சம் மிகக் கடுமையாகப் பிடித்திருந்த மேதினிபூர் ஜில்லாவின் கிராமங்களுக்குக் கால்நடையாகச் சென்று, தாம் கண்ட மனிதர்களைக் கறுப்புக் கோட்டில் எழுதினார். அவருடைய வழக்கம் ஒன்று என் உள்ளத்தை மிகவும் தொட்டது: தாம் எழுதிய மனிதரின் பெயர் என்ன, ஊர் எது, அவருக்கு நேர்ந்தது என்ன என்பதைப் பல சித்திரங்களில் குறிப்பாகவே எழுதி வைத்தார். பசித்தவன் என்ற பொதுப்பெயரில் ஒரு மனிதன் மறைந்து போவதற்கு அவர் இடம் கொடுக்கவில்லை. அந்தப் பயணத்தைப் பற்றி அவர் படங்களோடு வெளியிட்ட 'பசித்த வங்காளம்' என்ற சிறு நூலின் பிரதிகளை அன்றைய ஆங்கில அரசாங்கம் பறிமுதல் செய்து அழித்தது. சில கறுப்புக் கோடுகளுக்கு ஓர் ஏகாதிபத்தியம் அஞ்சியது என்றால், அந்தக் கோடுகள் ஏதோ ஓர் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் அல்லவா?

அவை சொன்ன உண்மை எது? பஞ்சத்தை வானத்தின் மேலும் விதியின் மேலும் போட்டுவிடுவது ஆள்வோருக்கு எப்போதும் வசதியான காரியம். 1942 அக்டோபரில் மேதினிபூர்க் கரையைப் பெரும்புயல் தாக்கியதும், நெற்பயிரில் நோய் விழுந்ததும் உண்மையே. ஆனால் பர்மா ஜப்பானியர் வசமாகி அரிசி வரத்து நின்றபோது, எதிரியின் கைக்குப் போய்விடக் கூடாது என்று கரையோர ஜில்லாக்களில் நெல்லை அப்புறப்படுத்தியதும், பத்துப் பேருக்கு மேல் ஏற்றக்கூடிய படகுகளைப் பறித்ததும், யுத்தச் செலவு விலைவாசியைத் தூக்கிவிட்டபோது கிராமத்துக் கூலியாளின் நிலையை எவரும் எண்ணிப் பாராததும் மனிதர் செய்த காரியங்கள். படகு இல்லாத வங்காளக் கிராமத்தில் மீனவனும் இல்லை, வியாபாரமும் இல்லை. பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 1981-இல் வெளியிட்ட தமது ஆராய்ச்சியில், 1943-இல் இருந்த மொத்த உணவு பஞ்சமில்லாத 1941-ஐக் காட்டிலும் அதிகமாகவே இருந்தது என்றும், அதைப் பெறும் சக்தியைத்தான் ஏழைகள் இழந்தார்கள் என்றும் நிறுவினார். 2019-இல் காந்திநகர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த விமல் மிஸ்ராவும் அவருடைய சகாக்களும் பழைய மழைக் கணக்குகளைக் கொண்டு மண்ணின் ஈரத்தைக் கணித்துப் பார்த்தபோது, 1870-க்குப் பின் இந்தியாவில் நேர்ந்த பெரும் பஞ்சங்களுள் வறட்சியால் விளையாதது 1943-ஆம் ஆண்டுப் பஞ்சம் ஒன்றே என்று கண்டார்கள். இதற்கு மாறாக, 1873-74-இல் பீகாரையும் வங்காளத்தையும் மெய்யாகவே வறட்சி பீடித்தபோது, ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்து விநியோகித்தமையால், சாவு மிகமிகக் குறைவாகவே இருந்தது. அளவுக்கு மீறிச் செலவழித்தார் என்று அவர் மேல் குற்றம் சாட்டினார்களாம்! வறட்சி இருந்த ஆண்டில் ஜனங்கள் பிழைத்தார்கள். வறட்சி இல்லாத ஆண்டில் சுமார் 30 லட்சம் பேர் மாண்டார்கள். இயற்கையின் சீற்றத்துக்கும் குழந்தையின் சாவுக்கும் இடையில் எப்போதும் மனிதர்களின் முடிவுகள் நிற்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

இனி 1970-க்கு வருவோம். அந்த ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி இரவு, கிழக்கு வங்காளத்தின் கடற்கரையைப் போலா புயல் தாக்கியது. வங்காள விரிகுடாவின் வட முனை புனலைப் போல் குறுகிக்கொண்டே போவது. கடலும் அங்கே ஆழமற்றது. ஆகவே காற்று தள்ளிக்கொண்டு வரும் நீருக்குப் பரவ இடமில்லாமல், மேலே எழுவதைத் தவிர வேறு கதியில்லை. அன்று கடலேற்றமும் சேர்ந்துகொண்டது. இருபதடிக்கு மேல் உயர்ந்து வந்த அலையில் குறைந்தபட்சம் 3 லட்சம் பேர் மாண்டார்கள். உலகம் அறிந்த புயல்களுள் இத்தனை உயிர்களைப் பலி கொண்டது வேறில்லை. அப்போது ஐம்பத்தாறாவது வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஆபேதீன் பாதிக்கப்பட்ட பிரதேசத்துக்கே சென்று பார்த்தார். திரும்பி வந்த பிறகு, கடல் விழுங்கிய மன்புரா என்ற தீவின் பெயரால், முப்பதடி நீளமுள்ள ஒரு சுருள் சித்திரத்தைக் கறுப்பு மசியும் மெழுகும் கொண்டு எழுதினார். உடல்களின் மேல் உடல்களாகக் குவிந்து கிடக்கும் அந்தச் சித்திரத்தில், மீண்டும் அதே கறுப்பு. மீண்டும் அதே தடித்த கோடு.

அந்தப் புயலுக்குப் பின் அங்கே சென்ற ஆல்ஃபிரட் சோமர், வைலி மோஸ்லி என்ற இரு மருத்துவ ஆய்வாளர்கள் வீடு வீடாகக் கணக்கெடுத்து 1972-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் இரண்டு செய்திகள் உண்டு. மாண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். ஜனத்தொகையிலோ அவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். பிழைத்தவர்களைப் பரிசோதித்தபோது, பலருடைய மார்பிலும் கைகளின் உட்புறத்திலும் தொடைகளிலும் தோல் உரிந்து ஆழமான காயங்கள் இருந்தன. அலை அடித்து இழுத்த அந்த மணி நேரங்களில் மரத்தை இறுகக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்ததால் வந்த காயங்கள் அவை. இவ்விரண்டு செய்திகளையும் சேர்த்துப் படித்தவுடன் ஒரு பயங்கரமான உண்மை தானாகவே புலப்படுகிறது. மரத்தைக் கட்டிப் பிடிக்கும் வலு உள்ளவர்கள் பிழைத்தார்கள். அந்த வலு இன்னும் வந்து சேராத கைகளை உடையவர்கள் போய்விட்டார்கள். பருவநிலையின் விபரீதங்கள் குழந்தைகளை ஏன் முதலில் தாக்குகின்றன என்று எவரேனும் வினவினால், நீண்ட சாஸ்திர விளக்கம் எதுவும் எனக்குத் தேவைப்படாது. அந்தக் காயங்களைப் பற்றிச் சொல்வேன்.

நல்லவேளையாக, கதை அங்கே முடியவில்லை. அந்தப் பேரழிவுக்குப் பிறகு, புதிதாகப் பிறந்த பங்களாதேஷ் அரசாங்கமும் செஞ்சிலுவைச் சங்கமும் சேர்ந்து, 1972 முதல் புயல் முன்னேற்பாட்டுத் திட்டம் ஒன்றை அமைத்தன. கிராமத்தாரே தொண்டர்களாகி, கொடி ஏற்றியும் கை ஒலிபெருக்கியில் கூவியும் வீடுதோறும் எச்சரிப்பதும், கால்நடைகளோடு ஏறி நிற்க மண்மேடுகளையும், மக்கள் ஒதுங்கக் காங்கிரீட் புகலிடங்களையும் கட்டுவதும் அதன் பணிகள். உடனே பயன் கிடைத்துவிடவில்லை. 1991 ஏப்ரலில் வந்த புயலில் சுமார் 1 லட்சத்து 38 ஆயிரம் பேர் இறந்தார்கள். ஆனால் முயற்சி நிற்கவில்லை. 2007-இல் சிடர் புயலில் சுமார் 3,400 பேர். 2020-இல் ஆம்பன் புயலின்போது பங்களாதேஷில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பெருந்தொற்றுக் காலத்திலும் முன்கூட்டியே அப்புறப்படுத்தியதால், இறந்தோர் சில பத்துப் பேர் மட்டுமே. இன்று அத்திட்டத்தில் சுமார் 76 ஆயிரம் தொண்டர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பெண்கள். கடல் குளிர்ந்துவிடவில்லை, காற்றும் சாந்தமடைந்துவிடவில்லை. ஓர் ஏழைத் தேசம் தன் குழந்தைகளைக் காப்பதென்று முடிவு செய்தது, அவ்வளவுதான்.

ஆயினும், ஓரிரவில் வந்து போகும் அலையிலிருந்து காப்பாற்றிய குழந்தையை, மெல்ல மெல்ல வரும் தீங்கிலிருந்து காப்பது எப்படி என்ற கேள்வி இப்போது எழுந்திருக்கிறது. 2009 மே மாதத்தில் ஐலா புயல் தென்மேற்குக் கரையின் அணைக்கரைகளை உடைத்தபோது, வயல்களில் புகுந்த உப்புநீர் திரும்பிப் போகவில்லை. குல்னா பக்கத்தில் பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் அணைக்கரையின் மேலேயே குடிசை போட்டு வாழ்ந்தன. அப்பகுதியில் தாகோப் என்ற இடத்தில் நடந்த ஓர் ஆய்வு, உப்பேறிய குடிநீரைப் பருகும் கர்ப்பிணிப் பெண்களிடையே இரத்த அழுத்தக் கோளாறு மிகுந்திருப்பதைக் கண்டது. அதாவது, அங்கே கடல் குழந்தையை அது பிறக்கும் முன்னரே தீண்டத் தொடங்கிவிடுகிறது. 2024 ஏப்ரலில் கடும் வெப்ப அலையால் நாடு முழுவதும் பள்ளிக்கூடங்களை மூடவேண்டி வந்தபோது, 3 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளின் படிப்பு நின்றது. ஐ.நா. குழந்தைகள் நிதியம் 2019-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அத்தேசத்தில் 1 கோடியே 90 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பருவநிலை ஆபத்தின் நேரடிப் பாதையில் இருக்கிறார்கள். அவர்களில் 1 கோடியே 20 லட்சம் பேர் வெள்ளமெடுத்துக் கரையுடைக்கும் நதிகளின் ஓரத்திலும், 45 லட்சம் பேர் புயல் தாக்கும் கடற்கரையிலும் வசிக்கிறார்கள். நிலத்தை நதிக்கும் உப்புக்கும் பறிகொடுத்த குடும்பங்கள் டாக்கா நகரத்துச் சேரிகளுக்குச் செல்கின்றன. அங்கே பையன் வேலைக்குப் போகிறான், பெண்ணுக்குச் சிறுவயதில் மணம் முடித்துவிடுகிறார்கள்.

அதே நிதியம் 2021-இல் செய்த கணக்கு இன்னும் நெஞ்சை உறுத்துவது. மிக அதிகமான அபாயத்தில் உள்ள 33 நாடுகளில் சுமார் 100 கோடிக் குழந்தைகள் வாழ்கிறார்கள்; உலகத்தின் கரியமில வாயுவில் அந்த நாடுகள் அனைத்தும் சேர்ந்து வெளியிடுவதோ வெறும் 9 சதவிகிதம். 1943-இல் அரிசியைத் தொலைதூரத்து அலுவலகங்களிலிருந்து நகர்த்தியவர்கள் வேறு, நடைபாதையில் மடிந்த குழந்தை வேறு. இன்றும் நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்துச் சுகம் கண்டவர்கள் ஒரு பக்கமும், அணைக்கரையில் குடத்தோடு நல்ல தண்ணீர் தேடி நடக்கும் சிறுமி மறுபக்கமும் நிற்கிறார்கள். காலத்திலும் அதே விதமான பிளவு உண்டு: அரசாங்கங்கள் கொடுத்துள்ள வாக்குறுதிகளின் அளவிலேயே உலகம் சென்றால், 2020-இல் பிறந்த ஒரு குழந்தை தன் ஆயுளில் சந்திக்கும் வெப்ப அலைகள், 1960-இல் பிறந்தவர் சந்திப்பதைப் போல் சுமார் ஏழு மடங்காகும் என்று 2021-இல் ஆய்வாளர்கள் கணித்தார்கள். தாத்தா அனுபவித்த வசதிக்குப் பேத்தி தண்டம் கட்டுகிறாள்.

இவ்வளவு எண்களையும் அடுக்கிய பிறகும், இவற்றால் மட்டும் மனம் இளகிவிடாது என்பதை நானே உணர்கிறேன். 1 கோடியே 90 லட்சம் என்ற தொகையை நோக்கி யாரும் கண்ணீர் விடுவதில்லை. இவ்விடத்தில்தான் ஓவியனின் கர்த்தவ்யம் ஆரம்பமாகிறது என்பது என் திடமான அபிப்பிராயம். புகைப்படங்கள் நாள்தோறும் ஆயிரக்கணக்கில் நம் கண் முன்னே ஓடி மறைகின்றன. ஒரு கணத்தில் எடுக்கப்பட்டதை ஒரு கணத்தில் கடந்துவிடுகிறோம். கையால் எழுதிய சித்திரமோ, அதை எழுதியவன் அந்தக் குழந்தையின் முன் எவ்வளவு நேரம் அமர்ந்திருந்தான் என்பதைத் தன் ஒவ்வொரு கோட்டிலும் சுமந்துகொண்டு வருகிறது. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான் என்பதே நம்மையும் பார்க்கச் சொல்லும் வற்புறுத்தலாகிறது. பஞ்சத்தையும் புயலையும் எழுதுவதைக் காட்டிலும் உப்பையும் வெப்பத்தையும் எழுதுவது கடினம். குவிந்த உடல்களோ காகமோ அங்கே தென்படாது. மூடிய பள்ளிக்கூடம், உப்புக் கரிக்கும் தண்ணீர், ஊரை விட்டுக் கிளம்பும் ஒரு மூட்டை ஆகியவற்றைத்தான் எழுத வேண்டியிருக்கும். ஆனால் அவற்றைக் கண்டுபிடித்து எழுதுவதே இந்தத் தலைமுறை ஓவியர்களுக்கு விதிக்கப்பட்ட பணி என்று எண்ணுகிறேன். கரியும் மலிவுக் காகிதமும் இருந்தால் போதும் என்பதை ஆபேதீன் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

துயரத்தை மட்டும்தான் எழுத வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். வடமேற்குப் பங்களாதேஷின் சலன் பீல் என்ற தாழ்நிலப் பகுதியில், முகம்மது ரெஸ்வான் என்ற கட்டடக்கலை வல்லுநர் 2002 முதல் படகுகளையே பள்ளிக்கூடங்களாக அமைத்து நடத்திவருகிறார். வெள்ளத்தால் பள்ளிக்குப் போக முடியாத பிள்ளைகளைப் பள்ளியே படித்துறைக்கு வந்து ஏற்றிக்கொள்கிறது. அந்தப் படகின் ஜன்னலோரம் உட்கார்ந்து பாடம் படிக்கும் சிறுமியும் இக்காலத்தின் சரித்திரத்தில் ஓர் அங்கம்தான். சித்தபிரசாத்தும் தம் பிற்காலத்தில், வறுமையால் சிறுவயதிலேயே வேலைக்குத் தள்ளப்பட்ட குழந்தைகளை லினோ அச்சுப்படங்களாக மிகுந்த பரிவோடு செதுக்கினார். அவற்றில் அந்தக் குழந்தைகள் நம் இரக்கத்தை எதிர்பார்த்துக் கை நீட்டி நிற்பவர்களாகத் தோன்றுவதில்லை.

நம் கரையைத் தொடும் கடலும் அதே விரிகுடாதான் என்பதை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. 1964-இல் தனுஷ்கோடியை அழித்த அலையும் அதிலிருந்தே எழுந்தது. ஆகவே இந்தப் பதிவைப் படிக்கும் ஓவிய ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளைகளிடம் ஒரு கரித்துண்டைக் கொடுத்து, சென்ற மழைக்காலத்திலும் சென்ற கோடையிலும் தாங்கள் கண்டதை, அலங்காரம் ஏதும் இல்லாமல், எழுதச் சொல்லுங்கள். எழுதியதன் கீழே ஊரையும் தேதியையும் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு அவற்றைப் பள்ளிக்கூடச் சுவரோடு நிறுத்திவிடாமல், உங்கள் ஊராட்சி மன்றத்திலும், சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்திலும் கொண்டுபோய்க் கொடுங்கள். புயலைத் தடுக்க நம்மால் ஆகாது. அது வரும் இரவில் எத்தனை குழந்தைகள் பாதுகாப்பான கூரையின் கீழ் உறங்குவார்கள் என்பதையோ அரசாங்கமும் நாமும் சேர்ந்தே தீர்மானிக்கிறோம்.